தூங்கி எழுந்தால் மறந்துவிடும் சிப்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வாழ்நாள் முழுக்க சிப் வடிவமைத்தேன். அதில் சரியாகச் செய்தவை எல்லாம் இன்றைக்குப் பழைய சரக்கு. உங்கள் கம்ப்யூட்டர் அதை ஒரு மதியத்தில் செய்து முடித்துவிடும். தப்பாகச் செய்தவைதான் இன்னும் யாருக்காவது உதவும் போலிருக்கிறது. அதனால் ஒரு தப்பைச் சொல்கிறேன். தப்பைச் செய்தவன் நான். கண்டுபிடித்தவர் அக்கா.

அக்கா என் கூடப்பிறந்தவர் அல்ல. இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷம் கழித்து, பெங்களூரை விட்டு மதுரைக்கு வந்து ஒரு சின்ன வடிவமைப்பு அலுவலகத்துக்குப் பொறுப்பேற்றேன். பைபாஸ் ரோட்டில் ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மேல்மாடி. மொத்தம் பதினான்கு பேர். அதில் லேஅவுட் வேலை, அதாவது சிலிக்கானுக்குள் எது எங்கே உட்கார வேண்டும், எந்தக் கம்பி எப்படி ஓட வேண்டும் என்று வரைகிற வேலை, இவருடையது. மஹால் பக்கத்து சௌராஷ்டிரக் குடும்பம். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் ஆபீஸ் முழுக்க அவரை ‘அக்கா’ என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பெயரைப் போட்டு எழுதினால் சண்டைக்கு வருவார், அதனால் இங்கேயும் அக்காதான்.

கோபம் வந்தால் அக்கா சௌராஷ்டிர மொழியில் முணுமுணுப்பார். எங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. அந்த மொழியில் என்னை எத்தனை முறை திட்டியிருக்கிறார் என்ற கணக்கு இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாததே நல்லது.

எங்களிடம் வந்த வேலை இது. சென்னையில் ஒரு கம்பெனி, ரத்தத்தில் சர்க்கரை அளவு பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்தது. விரலைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை ஒரு ஸ்ட்ரிப்பில் வைத்துச் செருகினால் எண் காட்டும். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். நாளில் ஐந்து நிமிஷம் வேலை, மீதி நேரமெல்லாம் தூக்கம். தூங்கும்போது சிப் எடுக்கும் மின்சாரம் இந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்று ஒரு நிபந்தனை. அதைத் தாண்டினால் வேலை எங்கள் கையை விட்டுப் போய்விடும். எங்களுக்கு அப்போது இருந்ததே அந்த ஒரு வேலைதான். அது போனால் ஆபீஸையும் பூட்ட வேண்டியதுதான். இதை பெங்களூரில் இருந்த மேலிடம் எனக்கு வெளிப்படையாகவே சொல்லியிருந்தது.

நிறுத்தி வைத்த சர்க்யூட் மின்சாரம் எடுக்காது என்று உங்களில் பாதிப்பேர் இப்போதும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இறுக்கி மூடின குழாய் சொட்டுகிற மாதிரி, டிரான்சிஸ்டர் ஒவ்வொன்றும் மூடியிருக்கும்போதும் கசியும். ஒன்றில் கசிவது ஒன்றுமே இல்லை. ஆனால் லட்சக்கணக்கில் சேர்ந்தால் பேட்டரியைத் தின்று தீர்த்துவிடும். டிரான்சிஸ்டர் சின்னதாக ஆக ஆகக் கசிவு கூடும், சூடு ஏறினால் இன்னும் கூடும். கத்திரி வெயிலில் மதுரையில் உட்கார்ந்து அதை அளந்தவர்கள் நாங்கள். எங்களிடம் யாரும் அதைப் பற்றிப் பெருமை பேச முடியாது.

வழி என்ன? தூங்குகிற பகுதிக்கும் சப்ளைக்கும் நடுவே வரிசையாகச் சுவிட்ச் போட்டு, தூங்கும்போது சப்ளையையே துண்டித்துவிடுவது. ஒரு சின்ன மெமரி மட்டும் எப்போதும் விழித்திருக்கும். ஸ்ட்ரிப் டப்பாவில் ஒரு குறியீட்டு எண் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் கருவி கணக்குப் போடும். அது அந்த மெமரியில் இருக்கும். ஸ்ட்ரிப் செருகியதும் சுவிட்சுகள் திறக்கும், மற்ற பகுதி எழுந்து வேலையைத் தொடங்கும். சுவிட்ச் வரிசையை அக்கா வரைந்தார். எங்கே எத்தனை, எந்த அகலம் என்று அவர் பார்த்துப் பார்த்து அடுக்கியதைத் திரையில் கண்டபோது, கல்யாணப் பந்தியில் இலை போட்ட ஒழுங்கு ஞாபகத்துக்கு வந்தது. கசிவு, கேட்ட அளவில் பாதிக்கும் கீழே இறங்கியது. அதற்கு முழுக்காரணம் அக்காதான். இதை அன்றைக்கு நான் அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாமல், சண்டை போட்டேன். எல்லாச் சுவிட்சையும் ஒரே நேரத்தில் திற என்றேன் நான். வேண்டாம், முதலில் கொஞ்சம், பிறகு கொஞ்சம் என்று சங்கிலியாகத் திறப்போம் என்றார் அவர்.

“காலியா கெடக்கிற பிளாக் சார் அது. ஒரே மூச்சுல திறந்தா ஒரே மூச்சுல உறிஞ்சும். முழிச்சிருக்கிற மெமரிக்கும் அதே சப்ளைதான். அது ஒரு நிமிஷம் தள்ளாடிப் போச்சுன்னா?”

தள்ளாடாது என்றேன். கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்திருந்தேன், என் திரையில் சப்ளைக் கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. நேராக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? என்ன ஆனாலும் அசையாத சப்ளை என்று கம்ப்யூட்டருக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். இது நம் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய மடத்தனம். தெருவில் போகிற யாரைக் கேட்டாலும், மோட்டார் போட்டால் லைட் மங்கும் என்று சொல்வார்கள். நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். சங்கிலி போட ஒரு வாரம் கூடுதலாக ஆகும், தேதி நெருக்குகிறது என்று குரலை உயர்த்தினேன். அக்கா சொன்னபடியே வரைந்து கொடுத்தார்.

சிப் வந்தது. நன்றாக வேலை செய்தது. முதல் பத்தைச் சென்னைக்காரர்கள் எடுத்துக் கருவியில் பொருத்தி, மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை முகாம் நடத்தி ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை அவர்களுடைய பொறியாளர் நேரில் வந்து சோதித்து, கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின சனிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பதுக்கு கரண்ட் போனால் ஐந்து மணிக்குத்தான் வரும். யு.பி.எஸ். கம்ப்யூட்டருக்கு மட்டும்தான், சோதனை மேஜைக்குக் கிடையாது. அன்றைக்கு எல்லோரும் லீவு மாதிரி. அக்கா மட்டும் வந்திருந்தார். சிப்பை ஆயிரம் தடவை தூங்க வைத்து எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம், வேறு யாரும் கேட்டதில்லை. மேஜை சப்ளை இல்லை. சும்மா உட்கார மனமில்லாமல் சுற்றிப் பார்த்திருக்கிறார். ஏசி ஓடாதபோது ஏசி ரிமோட் எதற்கு? அதிலிருந்த இரண்டு பென்சில் பேட்டரியைக் கழற்றி சிப்புக்கு மாட்டியிருக்கிறார்.

பதினோரு மணிக்கு எனக்கு போன் வந்தது.

“சார், தூங்கி எந்திரிச்சா மறந்துருது. கெளம்பி வாங்க.”

போனேன். வியர்வையில் நனைந்த புடவைத் தலைப்போடு அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். என் கண் முன்னால் குறியீட்டு எண்ணைப் போட்டார், தூங்க வைத்தார், எழுப்பினார். நான்காவது தடவை எழுந்தபோது குறியீட்டு எண் வேறாக இருந்தது. எச்சரிக்கை எதுவும் இல்லை. கருவி அந்தத் தப்பு எண்ணை வைத்துக் கணக்குப் போட்டு, சர்க்கரை அளவைச் சுத்தமாக, அழகாகக் காட்டும். முன்னூறு இருக்கிறவருக்கு நூற்று முப்பது என்று காட்டும்.

புதுப் பேட்டரி வாங்கி வரச் சொல்லிப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவைகூட மறக்கவில்லை. ரிமோட்டில் கிடந்து பாதி தளர்ந்த பேட்டரியில் மட்டும்தான் மறந்தது. எங்கள் மேஜை சப்ளை யானை மாதிரி. எவ்வளவு உறிஞ்சினாலும் அசையாது. ஒன்றரை மாதமாக நாங்கள் யானை மேல் உட்கார்ந்து சோதித்துக்கொண்டிருந்தோம். மக்கள் கையில் இருக்கப் போவது பழைய பேட்டரி.

இப்போது நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். சோதனைப் பட்டியலில் பழைய பேட்டரி இல்லை என்றேன். அவர்களும் மேஜை சப்ளையில்தான் பார்ப்பார்கள், திங்கட்கிழமை கையெழுத்து வாங்கிவிடுவோம், அடுத்த தடவை சிப் போடும்போது சத்தமில்லாமல் சரிசெய்துவிடுவோம் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற யோசனை. அதை ஏதோ நிர்வாகத் திறமை போலச் சொன்னேன்.

“பட்டியல்ல இல்லதான் சார்,” என்றார் அக்கா. “வீட்ல இருக்கிறது இந்த பேட்டரிதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினாலு பேர் சோற்றில் மண்ணள்ளிப் போடப் போகிறீர்களா என்று கேட்டேன். ஊரைத் தேடித் திரும்பி வந்த பிள்ளைகள், எல்லோரும் மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறணுமா என்று கேட்டேன். அந்தப் பதினாலில் அவரும் ஒருவர். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, அவரால் பெங்களூர் போக முடியாது. ஆபீஸ் மூடினால் முதல் அடி அவருக்குத்தான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அக்கா பேட்டரியை ரிமோட்டில் திரும்பப் போட்டார். “நாளான்னைக்குப் பாப்போம் சார், வாரேன்,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை தட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். மனைவி உடம்புக்கு என்ன என்று கேட்டாள். நூற்று முப்பது என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை சென்னைப் பொறியாளர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். தூங்கும் சிப் எடுக்கும் மின்சாரத்தை மீட்டரில் பார்த்துவிட்டு, மீட்டரை சரியாகத்தான் மாட்டியிருக்கிறீர்களா என்று கேட்டார். வயரைக் கழற்றி அவரே மாட்டிப் பார்த்தார். அதே அளவு. முகம் மலர்ந்தது. பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே போய், கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவைத் திறந்தார்.

அக்கா கதவுப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வீம்பு வந்து கையெழுத்தை வாங்கியிருப்பேன், என் குணம் அப்படி. அது அவருக்குத் தெரியும். அதனால்தான் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். முடிவை முழுக்க என் கையில் விட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே பைபாஸ் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், கையெழுத்துப் போடாதீங்க,” என்றேன். “பட்டியல்ல இல்லாத டெஸ்ட் ஒண்ணு இருக்கு.”

ரிமோட்டைத் திறந்து பேட்டரியை எடுத்தேன். இரண்டாவது தடவையிலேயே மறந்தது. ஏன் என்று சொன்னேன். சுவிட்சை ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னது நான், வேண்டாம் என்றவர் இவர் என்றும் சொன்னேன். அதைச் சொல்லி முடித்தபோது இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. ஆபீஸ் போனால் போகட்டும் என்றுகூடத் தோன்றியது.

சரிசெய்ய எவ்வளவு நாள் ஆகும் என்று பொறியாளர் கேட்டார். முதலிலிருந்து போட வேண்டும், ஐந்து மாதம் என்றேன். அப்போதுதான் அக்கா ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

“அம்புட்டு ஆகாது சார். மேல கம்பி ஓடுற ரெண்டு லேயர் மட்டும் மாத்துனா போதும். சங்கிலிக்கு வேண்டிய டிரான்சிஸ்டர் எல்லாம் உள்ளயே உபரியாப் போட்டு வச்சிருக்கேன். கம்பி ஓட இடமும் விட்டிருக்கேன்.”

என்னிடம் சொல்லவே இல்லையே என்று பிறகு கேட்டேன். “சங்கிலி வேணாம்னீங்க. எடம் விடாதன்னு சொல்லலையே,” என்றார். தன் பேச்சை ஒருவன் காதில் வாங்காமல் கத்தும்போது, அவன் பின்னால் வருந்தி வருவான், வந்தால் நிற்க இடம் வேண்டும் என்று யோசிக்கிற மனம் எத்தனை பேருக்கு இருக்கும்? அவரைப் போல ஒரு பொறியாளரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சிப் அப்படியே திருத்தப்பட்டு வந்தது, ரிமோட் பேட்டரியில் ஆயிரம் தடவை எழுந்தும் மறக்கவில்லை. ஆபீஸும் பிழைத்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

அந்தத் திங்கட்கிழமை, அக்கா சொல்லி முடித்ததும், சென்னைக்காரர் பேனாவை மூடினார். பிறகு, முகாமுக்குக் கொடுத்த பத்திலும் இப்படி நடந்திருக்குமா என்று கேட்டார். நடந்திருக்கும் என்றேன். அவர் முகம் மாறியது. திருவாதவூர் முகாமில் ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்ததாகவும், கருவி காட்டிய எண்ணை நோட்டில் எழுதுவதுதான் அவர் வேலை என்றும் சொன்னார். அந்தப் பெண் சில இடத்தில் எண்ணே எழுதவில்லையாம். கட்டத்தில் கோடு இழுத்து, ‘ஆளைப் பார்த்தால் அப்படி இல்லை’ என்று எழுதி வைத்திருக்கிறார். முகாமுக்கு வராமலே நோட்டை ரொப்புகிறார் என்று முடிவுகட்டி, பதினைந்து நாளைக்கு முன்னால் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

“அவங்க வீடு எங்க?” என்றார் அக்கா. திருவாதவூரிலேயேதான் என்றார் அவர். அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். போன் செய்துகொள்ளலாமே என்று அவர் இழுத்தார். அக்கா காதில் வாங்காமல் படியிறங்கிவிட்டார்.

சென்னைக்காரருடைய காரிலேயே மூன்று பேரும் போனோம். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். தெருக்குழாயில் துணி அலசிக்கொண்டிருந்தார். சென்னைக்காரரைப் பார்த்ததும் எழுந்தார், ஆனால் வாங்க என்று சொல்லவில்லை. எங்களைத் தெருவில், வெயிலிலேயே நிற்க வைத்தார்.

அக்கா சென்னைக்காரரை விலக்கிக்கொண்டு முன்னால் போய், தப்பு மிஷினில்தான், மிஷினுக்குள் நாங்கள் செய்ததில்தான், உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று நேராகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்று, செய்தவன் நான்தான் என்றேன்.

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பேட்டரி புதுசு போட்டா சரியாக் காட்டுதுன்னு நோட்டுல கடைசிப் பக்கத்துல எழுதியிருந்தேனேண்ணே. ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கலையா?”

ஒருவரும் பிரித்துப் பார்க்கவில்லை. நோட்டு சென்னையில் ஒரு அலமாரியில் கிடந்தது. எங்களுக்கு ஒன்றரை மாதமும் ஒரு கரண்ட் கட்டும் தேவைப்பட்ட விஷயத்தை, அவர் கையில் மீட்டரோ கம்ப்யூட்டரோ இல்லாமல் கண்டுபிடித்து எழுதியே கொடுத்திருக்கிறார்.

ஒரு பெரியவரைப் பற்றி அவர் சொன்னார். மிஷின் நூற்று இருபது என்று காட்டியது. ஆளோ நாக்கு வறண்டு, நடக்க முடியாமல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எண்ணை எழுதாமல் கோட்டை இழுத்துவிட்டு, ஆட்டோ பிடித்து மேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே பார்த்தபோது சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். கட்டத்தில் மட்டும் நூற்று இருபது என்று எழுதியிருந்தால், அவரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டுக்குப் போயிருப்பார், இவர் வேலையும் போயிருக்காது.

அடுத்த வாரத்திலிருந்து வேலைக்கு வந்துவிடுங்கள் என்றார் சென்னைக்காரர்.

“வாரேண்ணே,” என்றார் அந்தப் பெண். “ஆனா மிஷின் ஒண்ணு சொல்லி, ஆளைப் பாத்தா வேற மாதிரி இருந்துச்சுன்னா, நான் மறுபடியும் கோடுதான் இழுப்பேன். அதுக்காக என்னைய நிறுத்தக் கூடாது. எழுதிக் குடுப்பீங்களா?”

சென்னைக்காரர் கார் பானெட் மேல் காகிதத்தை வைத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு நானும் போட்டேன், அக்காவும் போட்டார். அந்தப் பெண் ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, மெதுவாக இரண்டு முறை படித்தார். மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

“உள்ள வாங்க,” என்றார். “தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”